உலையில் விழுந்த உப்பு

விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த அதிகாரிக்கு முதலில் சந்தேகம் வந்தது, பொடியை வில்லையாக அழுத்தும் எஃகு அச்சின் மேல்தான். கைக்குள் அடங்கும் கனமான உருளை, நடுவில் துளை, துளைக்குள் ஒரு சின்ன உலக்கை. இரண்டாவது சந்தேகம், பஞ்சுக்குள் படுத்திருந்த மூன்று வெளிறிய வில்லைகளின் மேல். "என்ன மாத்திரைம்மா இது, இவ்வளவு பெரிசா?" என்று கேட்டார். "மாத்திரை இல்லை சார், பேரியம் ஸ்டானேட்" என்றேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அடுத்த முக்கால் மணி நேரம் மூன்று மேசைகளில் மூன்று பேரிடம், அது வெடிக்காது, போதை தராது, விற்றால் யாரும் வாங்க மாட்டார்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தேன்.

நான் பினாங்கில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டில் நாலு தலைமுறையாக யாரும் தமிழ்நாட்டுப் பக்கம் வந்ததில்லை. சேலத்துக்குப் போகிறேன் என்றதும் அம்மா புடவைப் பட்டியல் எழுதிக் கொடுத்தார், சித்தி கோயில் பட்டியல் கொடுத்தார். நான் வந்தது ஓர் உலைக்காக என்று இருவரிடமும் சொன்னேன். இருவரும் நம்பவில்லை.

பெரோவ்ஸ்கைட் என்ற படிக அமைப்புள்ள குறைக்கடத்திகளை மெல்லிய படலமாக வளர்த்து, அதில் அதிவேக டிரான்சிஸ்டர் செய்ய முடியுமா என்று பார்ப்பது எங்கள் ஆய்வகத்தின் வேலை. கைப்பேசிக் கோபுரத்திலும் ராடாரிலும் மின்சாரம் ஒரு நொடிக்குள் பல நூறு கோடித் தடவை திசை மாறுகிறது. அந்த வேகத்துக்கு எலெக்ட்ரான் தடுக்கி விழாமல் ஓட வேண்டும். பேரியம் ஸ்டானேட்டுக்குள் அது சாதாரண அறைச் சூட்டிலேயே நன்றாக ஓடுகிறது. படலம் வளர்க்க முதலில் அந்தப் பொருளிலேயே ஒரு கெட்டியான வில்லை வேண்டும். அதன் மேல் லேசரை அடித்து, ஆவியாக்கி, படிய வைப்போம். வில்லை வேக ஆயிரத்து நானூற்றைம்பது டிகிரி வேண்டும். எங்கள் உலை ஆயிரத்து இருநூறிலேயே மூச்சு வாங்கும்.

சேலத்து மண்ணுக்குள் மக்னசைட் கிடக்கிறது. அதைச் சுட்டு மக்னீசியாவாக்கி, மூசை செய்கிறவர் செந்தில்குமார். மூசை என்றால் உலைக்குள் பொருளை வைத்துச் சுடும் கிண்ணம். சாதாரண மூசையைச் சூட்டில் பேரியம் அரித்துவிடும், மக்னீசியா மூசையை ஒன்றும் செய்யாது. அதனால் இரண்டு வருடமாக அவரிடம்தான் மூசை வாங்குகிறோம். எங்கள் சிக்கலைக் கேட்டுவிட்டு அவர் போனில் சொன்னார்: "நம்ம உலைலயே சுட்டுக்கலாமுங்க மேடம். நீங்களே வந்து நின்னு பாத்துக்கங்க." வந்துவிட்டேன். படலம் வளர்க்கும் எந்திரம் இன்னொரு பல்கலைக்கழகத்துடையது. அடுத்த வாரம் புதன்கிழமை தொடங்கி ஒரே ஒரு வாரம் அது எங்களுக்கு. அதற்குள் வில்லை இல்லையென்றால் திட்டத்தை மூடிவிடுவார்கள், என் நாலு வருட வேலையும் அதோடு போகும்.

சேலம் பேருந்தில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். நடத்துநர் வந்து நின்றார்.

"ஏனுங்க, அதத் தூக்கி மேல வெய்யுங்க. பக்கத்துல ஆளு உக்காரணுமுல்லீங்க."

"உடைஞ்சிடும் சார்."

"நம்ம வண்டில முட்டையே உடையாதுங்க" என்று அவரே வாங்கி மேலே வைத்தார். சங்ககிரி தாண்டியதும் ஓர் ஆட்டுக்கூட்டம் சாலையைக் கடந்தது. ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெட்டி மட்டும் மேலிருந்து என் தோளில் பட்டு, தரையில் போய் விழுந்தது. திறந்து பார்த்தேன். மூன்று வில்லைகள் பதினொரு துண்டுகளாக இருந்தன. சுடாத வில்லை பள்ளிக்கூடச் சாக்பீஸ் மாதிரி, அவ்வளவுதான் அதன் பலம். நடத்துநர் எட்டிப் பார்த்துவிட்டு உண்மையிலேயே வருத்தப்பட்டார். "முட்டைன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா மடியிலயே வெக்கச் சொல்லியிருப்பனுங்க" என்றார்.

சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு விடுதி. சாயங்காலம் தெருமுனையில் தட்டுவடை செட் சாப்பிட்டேன். தட்டை இரண்டுக்கு நடுவில் துருவிய பீட்ரூட், கேரட், இரண்டு வகைச் சட்னி. பினாங்கில் நின்றுகொண்டே சாப்பிட எவ்வளவோ இருக்கிறது, இந்த மொறுமொறுப்புக்கு அங்கே இணையில்லை. நான்காவது செட்டில் கொஞ்சம் தெளிந்து, உடன் வேலை செய்யும் ஃபரீதைக் கூப்பிட்டேன். அவன் மலாயில் சொன்னது இதுதான்: "உடைந்தாலும் பொடி பொடிதானே. அரைத்து மறுபடி அழுத்து. அச்சைக் கையோடு கொண்டுபோ என்று ஒரு வாரம் நச்சரித்தேனே, அதற்கு நன்றி சொல்." நான் நன்றி சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குத் தூங்க முடிந்தது.

மறுநாள் புதன். செந்தில்குமாரின் பட்டறை நாமக்கல் சாலையில், பனமரத்துப்பட்டிப் பிரிவைத் தாண்டி. தகரக் கொட்டகை, வாசலில் வேப்பமரம், எதிரே டீக்கடை. உள்ளே எதைத் தொட்டாலும் வெள்ளை ஒட்டுகிறது. உலையைப் பார்த்துக்கொள்கிறவர் பழனியம்மாள். ஐம்பது வயது இருக்கும். முழங்கை வரை பழைய சூட்டுத் தழும்புகள். இருபது வருடமாக உலையோடு இருக்கிறார். மீட்டரைப் பார்க்காமலே உலைக்குள்ளிருக்கும் சிவப்பை வைத்துச் சூட்டைச் சொல்வாராம். நான் சோதித்தேன். "ஆயரத்து நூத்திப்பத்து இருக்குமுங்க" என்றார். மீட்டர் ஆயிரத்து நூற்றிரண்டு காட்டியது.

சோதனை அறையில் ஒரு கல்வம் இருந்தது. கையுறை மாட்டிக்கொண்டு, துண்டுகளை அதில் போட்டு அரைக்கத் தொடங்கினேன். பழனியம்மாள் அருகில் வந்து, "குடுங்க அம்மிணி, நான் அரைக்கறேன். உங்களுக்குக் கை ஓஞ்சு போச்சு" என்று கையை நீட்டினார். நான் கல்வத்தை இழுத்துக்கொண்டேன்.

"அக்கா, தொடாதீங்க."

அவர் கை அங்கேயே நின்றது. பிறகு கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். எங்கள் ஆய்வகத்தில் நாளைக்கு இருபது முறை சொல்கிற வார்த்தை அது. ஃபரீதிடம் சொல்வேன், பேராசிரியரிடம்கூடச் சொல்வேன். கை வியர்வையில் உப்பு இருக்கிறது, உப்பில் சோடியம் இருக்கிறது, அதற்குத்தான் கையுறை. அங்கே எல்லோருக்கும் தெரிந்த காரணம் என்பதால் சொல்ல வேண்டியதில்லை. இங்கேயும் சொல்லவில்லை.

அழுத்துவதற்கு எந்திரம் வேண்டும். செங்கல் அழுத்தும் எந்திரத்தில் என் அச்சை வைத்தால் அச்சே அப்பளமாகிவிடும் என்று செந்தில்குமார் சிரித்தார். நாமக்கல்லில் அவர் மச்சான் லோகநாதனுக்கு லாரிப் பட்டறை இருக்கிறது, அங்கே புஷ் என்கிற உலோக வளையம் ஏற்றுகிற கைப் பிரஸ் இருக்கிறது, அழுத்தம் காட்டும் மீட்டரோடு. "தனியாப் போயிக்குவேன்" என்றேன். பழனியம்மாள் ஏற்கெனவே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "ஊருக்கு வந்த ஒறம்பரையத் தனியா உட முடியுமுங்களா" என்றார். உறவினருக்கும் விருந்தாளிக்கும் அவர்களிடம் ஒரே சொல்தான்.

வழியெல்லாம் மரவள்ளிக் காடு, அங்கே அதைக் குச்சிக்கிழங்கு என்கிறார்கள். ஓர் இடத்தில் ஏக்கர் கணக்கில் ஜவ்வரிசி மாவு காயப்போட்டிருந்தார்கள். வெயிலில் அந்த வெள்ளையைப் பார்த்தபோது எனக்குக் கண் கூசியது. எங்கள் பொடியை உறை போட்டு, பெட்டியில் போட்டு, பெட்டியைக் கூண்டில் போட்டு வைப்போம். இங்கே மாவின் மேல் காக்கை நடக்கிறது, லாரிப் புழுதி விழுகிறது, அதுவும் நன்றாக விற்கிறது.

லோகநாதன் அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எந்த வண்டி பார்ட்டுங்க இது?" என்றார். எந்த வண்டியுடையதும் இல்லை என்றதும் ஆர்வம் கூடிவிட்டது. பட்டறை மூலையில் ஒரு முட்டைத் தட்டு கிடந்தது. அதை எடுத்துவைத்து விளக்கினேன். "இந்தக் குழி ஒவ்வொண்ணுலயும் ஒரு பெரிய அணு உக்காந்திருக்குன்னு வச்சுக்குங்க, அது பேரியம். இதே மாதிரி தட்டுக்கு மேல தட்டு. நடுவுல சின்ன அணு ஒண்ணு, அது தகரம். சுத்தி ஆக்சிஜன். பேரியத்தை எடுத்துட்டு அங்கங்க லாந்தனம்னு ஒண்ணை வச்சிருக்கோம். அது ஆளுக்கு ஒரு எலெக்ட்ரானைக் கூடுதலா கொடுக்கும். அதுதான் ஓடும்." அவர் தலையாட்டினார். இரண்டு மெக்கானிக்குகள் தலையாட்டினார்கள். பழனியம்மாள் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் எதுவும் கேட்கவில்லை, நானும் அவர் பக்கம் திரும்பிச் சொல்லவில்லை.

லாரிக்குப் புஷ் ஏற்றும் பிரஸ் என் வில்லையைப் பூப்போல அழுத்தியது. சிந்தியது சிதறியது போக, மூன்று வில்லைப் பொடியில் இரண்டுதான் தேறின. லோகநாதன் புதிய முட்டைத் தட்டு ஒன்றைக் கொடுத்தார். பஞ்சு வைத்து, குழிக்கு ஒன்றாக வில்லைகளை வைத்து, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்துக் கட்டினோம். திரும்பி வருகிற பேருந்தில் நடத்துநர் கட்டைப் பார்த்ததும், "மடியிலயே வெச்சுக்கங்க" என்று தானாகச் சொன்னார்.

இராசிபுரம் பிரிவுக்கு அருகில் டயர் வெடித்தது. இறங்குகிறபோது கட்டை நெஞ்சோடு பிடித்திருந்ததால் படி தெரியவில்லை. முட்டிக்கால் தார்ச்சாலையில் உரசியது. வில்லைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்த பிறகுதான் எரிச்சல் தெரிந்தது. பழனியம்மாள் முந்தானையால் ரத்தத்தை ஒற்றி எடுத்தார்.

"மூணாயிருச்சுங்க அம்மிணி. நேத்து உடஞ்சது ஒண்ணு, இப்ப டயரு, இப்ப காலு. யாரோ கண்ணு வெச்சுட்டாங்க."

"யார் கண்ணு வைப்பாங்க, என்னை இங்க யாருக்குத் தெரியும்?"

"தெரியாத ஊட்டுக் கண்ணுதானுங்க பொல்லாதது" என்றார்.

வியாழக்கிழமை காலை ஒரு வில்லையை மூசைக்குள் வைத்து உலையேற்றினோம். இரண்டையும் ஒன்றாக வைக்கக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். இரண்டும் ஒன்றாகப் போய்விட்டால் என்ன செய்வது. உலை ஏற, நிற்க, ஆற மொத்தம் முப்பது மணி நேரம். உலையின் தலையில் காற்றுப் போகக் கையளவு துளை ஒன்று உண்டு, அதைக் கல் வைத்து மூடுவார்கள். சூடு ஏறி உலைக் கண்ணில் ஆரஞ்சு தெரிந்ததும், பழனியம்மாள் என்னைக் கிழக்கே பார்த்து நிற்கச் சொன்னார். கை நிறையக் கல் உப்பு, நாலு வரமிளகாய். தலையைச் சுற்றி மூன்று தடவை, எதிர்ச்சுற்றில் மூன்று தடவை. "ஊருக் கண்ணு, ஒறவுக் கண்ணு, எல்லாக் கண்ணும் எரிஞ்சு போவட்டும்." எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. செந்தில்குமாரிடம் கைப்பேசியைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னேன், ஃபரீதுக்கும் அனுப்பினேன். பிறகு, பசிக்கிறது என்று டீக்கடைக்குப் போய்விட்டேன். அந்தக் கைப்பிடி உப்பு எங்கே போனது என்று நான் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் உலையைத் திறந்தோம். சரியாக வெந்த வில்லை சாம்பலும் நீலமும் கலந்த நிறத்தில், ஒரே சீராக இருக்கும். இது திட்டுத் திட்டாக மஞ்சள் பூத்திருந்தது. ஓரத்தில் கண்ணாடி உருகிய மாதிரி ஒரு மினுமினுப்பு. மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்தேன். எண் வரவில்லை. மின்சாரம் ஓடவே இல்லை. முனையை நகர்த்தி நகர்த்தி வைத்தேன். செந்தில்குமார் பேட்டரியை மாற்றிக் கொடுத்தார். அப்போதும் ஓடவில்லை.

ஃபரீதைக் கூப்பிட்டேன். படம் அனுப்பினேன். அவன் அதைப் பார்த்துவிட்டு, "நேற்று ஒரு படம் அனுப்பினாயே, அந்த அம்மா கையில் இருந்தது என்ன?" என்று கேட்டான்.

அந்தப் படத்தை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். கையிடுக்கில் உப்புக் கல் தெரிந்தது. பின்னால் நின்று கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருப்பது நான்.

"அக்கா, அந்த உப்பை எங்க போட்டீங்க?"

"நெருப்புலதானுங்க போடோணும்" என்றார் பழனியம்மாள். "உலைலதான் போட்டேன். மேலத் தொளைல. புது வேல ஏத்துனா எப்பவும் போடறதுதானுங்க."

கத்தினேன். அந்தக் கொட்டகையில் நான் கத்தியது எதிரே டீக்கடை வரைக்கும் கேட்டிருக்கும். நாலு வருடம் என்றேன், புதன்கிழமை என்றேன், படித்துப் படித்துச் சொன்னேனே என்றேன். செந்தில்குமாரும் சேர்ந்துகொண்டார். "உங்களுக்கு எத்தன தடவ சொல்றது, கண்டதையும் உள்ள போடாதீங்கன்னு." உண்மையில் அவர் அப்படி ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. மூசைக்கும் செங்கல்லுக்கும் அந்தக் கைப்பிடி உப்பு ஒன்றும் செய்வதில்லை என்பதால், இருபது வருடமாக அவரும் பக்கத்தில் நின்று கும்பிட்டவர்தான்.

பழனியம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நாங்கள் மூச்சு வாங்கியபோது பேசினார்.

"படிச்சுப் படிச்சுச் சொல்லலைங்க அம்மிணி. தொடாதீங்கன்னு ஒரு வார்த்த சொன்னீங்க. அவ்வளவுதான். நாமக்கல்லுல லோகு கேட்டாப்புல, அவருக்கு முட்டத் தட்டு வெச்சுச் சொன்னீங்க. எங்கிட்டத் தொடாதீங்கன்னு மட்டுஞ் சொன்னீங்க. அந்த வார்த்தையக் கேட்டா, ஏன்னு திருப்பிக் கேக்கற பழக்கம் எங்களுக்கில்லைங்க. எங்கம்மா காலத்துல இருந்து கேட்டுக்கிட்டிருக்கற வார்த்தைங்க அது."

செந்தில்குமார் தரையைப் பார்த்தார். எனக்குப் புரியக் கொஞ்சம் நேரமாயிற்று. புரிந்ததும் முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கல்வத்தை நான் இழுத்துக்கொண்டபோது நின்ற அந்தக் கை நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் எதுக்குங்க" என்றார். "ஏன்னு இப்பச் சொல்லுங்க."

முட்டைத் தட்டை எடுத்து வந்தேன். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தோம். பேரியம் இரண்டு எலெக்ட்ரானைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும். லாந்தனம் மூன்று கொடுக்கும், அதில் ஒன்று உபரி. உப்பில் இருக்கிற சோடியம் ஒன்றுதான் கொடுக்கும். பேரியத்தின் குழியில் சோடியம் போய் உட்கார்ந்துவிட்டால், லாந்தனம் கொடுத்த உபரியைப் பிடுங்கிக்கொள்ளும். ஓட ஆளே இருக்காது. கைப்பேசிக் கோபுரத்துக்கு அந்த ஓட்டம்தான் வேண்டும் என்றும் சொன்னேன். அவர் வியர்வையிலும் அதே சோடியம்தான், என் வியர்வையிலும் அதே சோடியம்தான், அதற்குத்தான் இது என்று கையுறையைக் காட்டினேன்.

பழனியம்மாள் தட்டின் குழிகளை விரலால் எண்ணுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"அப்படீன்னா உப்பு ஆவியாகி உலைச் செவுத்துலயும் ஏறியிருக்குமுங்களே. அடுத்ததக் கொண்டுபோயி வெச்சா, செவுத்துல இருந்து எறங்கி அதுலயும் ஏறுமில்லீங்க?"

நான் அதை யோசித்திருக்கவில்லை. இரண்டாவது வில்லையை அப்போதே உலையில் வைக்கும் அவசரத்தில் இருந்தேன். அந்த வில்லையும் போயிருக்கும்.

அதற்குப் பிறகு உலை அவர் பொறுப்பு, நான் அவர் சொன்னதைச் செய்கிற ஆள். அன்றைக்கே வெறும் உலையை ஆயிரத்து ஐந்நூறுக்கு ஏற்றி, துளையைத் திறந்துவிட்டு, உப்பெல்லாம் ஆவியாகிப் போகும்வரை எரியவிடச் சொன்னார். சனிக்கிழமை காலை அது ஆறியதும் தரைக் கற்களைப் புதிதாக மாற்றினார். பழைய மூசையை ஒதுக்கிவிட்டுப் புதிய மூசை எடுத்தார். உள்ளே சுத்தமான மக்னீசியாப் பொடியைப் பரப்பி, அதன் மேல் வில்லை, மூடி, அதற்கு மேல் பெரிய மூசை ஒன்றைக் கவிழ்த்து, சுற்றிலும் பொடியால் அணை கட்டினார். "இதத் தாண்டி எதுவும் உள்ள போவாதுங்க" என்றார். எல்லாவற்றையும் கையுறை போட்டே செய்தார். வில்லையை உள்ளே வைத்ததும் அவர் கைதான்.

மத்தியானத்துக்குள் கதவைச் சாத்தினோம். ஞாயிறு சாயங்காலம் திறக்கலாம், திங்கள் காலை எனக்கு விமானம். இன்னொரு தடவை முயல நேரமும் இல்லை, பொடியும் இல்லை.

உலைக்கு மின்சாரம் கொடுப்பதற்கு முன்னால் நானே அவரைக் கூப்பிட்டேன். "அக்கா, சுத்திப் போடுங்க. ஆனா டீக்கடை அடுப்புல." அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், கேலி செய்கிறேனா என்று. நான் கேலி செய்யவில்லை. சாலையைக் கடந்து போய், டீக்கடைக்கு முன்னால் கிழக்கே பார்த்து நின்றேன். லாரி ஓட்டுநர்கள் நாலு பேர் டீயை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். உப்பும் மிளகாயும் விறகடுப்பில் விழுந்து வெடித்தன. கடைக்காரர் உட்பட எல்லோரும் இருமினோம். பிறகு பழனியம்மாள் குழாயடியில் முழங்கை வரைக்கும் மூன்று தடவை கழுவிக்கொண்டுதான் கொட்டகைக்குள் வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உலைக்கு எதிரே உட்கார்ந்திருந்தோம். யாரையும் உள்ளே விடவில்லை. செந்தில்குமாரே வாசலில் நின்று, "வரலாமுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் வந்தார். மத்தியானம் பழனியம்மாள் தூக்குப்போசியில் அரிசியும்பருப்பும் என்கிற பருப்புச் சோறு கொண்டுவந்திருந்தார். மேலே நெய், தொட்டுக்கொள்ள ஊறுகாய். எங்கள் ஊரில் நாசி கண்டார் என்ற சோற்றுக்கு எட்டுக் குழம்பு ஊற்றுவார்கள். இதற்கு ஒன்றும் தேவைப்படவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் மகன் கூப்பிட்டான். ரிக் வண்டியில் சத்தீஸ்கர் பக்கம் ஆழ்துளைக் கிணறு போடப் போயிருக்கிறான், போய் ஐந்து மாதமாயிற்று. குரல் விட்டு விட்டு வந்தது. "சாமி, சாப்டியா" என்பதையே ஆறு தடவை கேட்டார். அதற்குள் போன் நின்றுவிட்டது.

"இந்த வில்லை செரியா வந்துருச்சுன்னா, அவன் பேசறது ஒழுங்காக் கேக்குமுங்களா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்ல ஆசையாக இருந்தது. ஏன் என்று சொல்லத் தொடங்கிய பிறகு பொய் சொல்ல முடியவில்லை. "இப்ப இல்லக்கா. இதுல இருந்து படலம் வரணும், படலத்துல இருந்து டிரான்சிஸ்டர் வரணும், அது மத்ததை விட நல்லா ஓடணும். பத்து வருஷம் ஆகலாம். வராமலேகூடப் போகலாம்."

அவர் தூக்குப்போசியை மூடினார். "பரவால்லீங்க. இன்னைக்கு இது வேவட்டும்" என்றார்.

ஐந்தரை மணிக்கு உலையைத் திறந்தோம். பெரிய மூசையைத் தூக்கினார், சின்ன மூசையின் மூடியைத் தூக்கினார். வில்லை சாம்பல் நீலத்தில் இருந்தது, ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே நிறம். பழைய பாத்திரத்தைத் தட்டுகிற மாதிரி இடுக்கியால் மெல்லத் தட்டினார். கணீரென்றது. மல்டிமீட்டரை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். முனைகளை வைக்கவும் அவரையே சொன்னேன். கையுறை போட்ட விரல்களால் பிடித்து, சிவப்பு இந்தப் பக்கம், கறுப்பு அந்தப் பக்கம் வைத்தார். மீட்டரில் மின்தடை எண்கள் ஓடிக் குறைந்து, இரண்டு இலக்கத்தில் வந்து நின்றன.

"ஓடுதுங்களா?" என்றார்.

"ஓடுதுக்கா" என்றேன். அழுகை வந்துவிட்டது. அவர் என் தோளில் கை வைக்க வந்து, கையுறையைப் பார்த்து நிறுத்தினார். பிறகு அதைக் கழற்றிவிட்டு, வெறுங்கையால் என் கண்ணைத் துடைத்தார். "கண்ணுல வர்றதுலயும் உப்புத்தானுங்க அம்மிணி, வில்லைக்கு அக்கட்டயா வந்து அழுவுங்க" என்றார். நான் தள்ளிப் போய் அழுதேன்.

முட்டைத் தட்டைப் பினாங்கு வரைக்கும் மடியிலேயே கொண்டுபோனேன்.

செவ்வாய்க்கிழமை ஆய்வகத்தில் முதல் வேலை, வீணான வில்லைக்கான படிவத்தை நிரப்புவது. அது முடிந்தால்தான் இரண்டாவது வில்லையை எந்திரத்துக்கு அனுப்ப முடியும். ஃபரீது கேட்கக் கேட்க நான் சொன்னேன், அவன் தட்டச்சு செய்தான். மாசு: சோடியம். வந்த வழி: உலையின் மேல்துளை. காரணம் என்ற கட்டத்தில் அவன் ஏற்கெனவே "உலை இயக்குபவரின் தவறு" என்று அடித்திருந்தான். அதை அழிக்கச் சொன்னேன்.

"அப்படியென்றால் என்ன போடுவது?"

"ஏன் தொடக்கூடாது என்று உலை இயக்குபவரிடம் நான் சொல்லவில்லை. அப்படியே போடு."

அவன் போட்டான். அடுத்த கட்டம், மறுபடி நேராமல் தடுக்க என்ன செய்ய வேண்டும் என்பது. விசைப்பலகையை வாங்கி நானே அடித்தேன். முதல் வரி மலாயில்: காரணத்தை முதலிலேயே, எல்லோரிடமும் சொல்ல வேண்டும். இரண்டாவது வரியை மலாயில் எப்படி எழுதுவதென்று தெரியவில்லை, அதனால் தமிழிலேயே அடித்தேன். ஃபரீது அது என்னவென்று கேட்டான்.

"டீக்கடை அடுப்பில் சுற்றிப் போட வேண்டும்" என்று படித்துக் காட்டினேன்.